விதை நெல்லும் விளைநிலமும்



திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கம் என்றொரு சிற்றூர் உண்டு. நம்மாழ்வார் ஐயாவின் வழிகாட்டுதலில் 'நெல்' ஜெயராமன் அவர்கள் 2006-ஆம் ஆண்டு அங்கே நெல் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். வந்த உழவர்கள் பாரம்பரிய வேளாண்மையைப் பற்றிக் கேட்டறிந்ததோடு, ஆளுக்கு 2 கிலோ விதை நெல்லும் பெற்றுச் சென்றனர். விலை கிடையாது, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அது வேறு இருவரின் வயலுக்குப் போய்ச் சேரும். 2018-இல் அவர் மறைவதற்குள், மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் உள்ளிட்ட 174 நெல் இரகங்கள் மீட்கப்பட்டிருந்தன.

காவிரிப் படுகையைக் காக்க 2020-இல் சட்டம் வந்தது. அது சில ஆலைகளையும் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளையும் தடுக்கிறது. ஆனால் கட்டுப்படியாகாமல் உழவர் வயலைத் தரிசாகப் போட்டால் எந்தச் சட்டம் காக்கும்?

ஆகவே, நிலமுள்ள நாம் ஒரு மாவிலாவது இந்நெல்லை விதைப்போம். நிலமில்லாத நாம் விளைந்ததை உழவரிடமே நியாய விலைக்கு வாங்கி உண்போம். நம் பிள்ளைகளை ஒரு நாளாவது வயலுக்கு அழைத்துச் சென்று, நாற்று எது, களை எது என்று காட்டுவோம். பெற்றதை இரட்டிப்பாகத் திருப்பித் தருவோம்.