அதே நாள், மறுபக்கம்

நாம் வாழும் பெங்களூரில் 1997-ஆம் ஆண்டு துருவா இன்டராக்டிவ் என்னும் கணினி விளையாட்டு நிறுவனம் தோன்றியது. அயல்நாட்டார் ஆட்டங்களுக்கு வண்டிகளையும் பிற உருவங்களையும் இங்கிருந்தோர் வரைந்து தந்தனர். பெயர் மட்டும் பிறருக்கே போயிற்று. 2019-இல் ராக்ஸ்டார் நிறுவனம் அதனை வாங்கியது.

இத்தகைய ஆட்டங்களைப் பெற்றோர் வெறும் சுடுதல் என்று வெறுப்பதுண்டு. அவற்றுள் ஒன்றையேனும் விலக்கிவைத்து நோக்கல் வேண்டும். வால்வ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தில், ஆய்வுக்கூடச் சோதனை பிசகி வேற்றுலக உயிர்கள் புகுகின்றன. தப்பியோடும் விஞ்ஞானியாக நாம் ஆடுகிறோம். உண்மையை மறைக்க அனுப்பப்பட்ட படைவீரர்களையும் சுடுகிறோம்.

மறு ஆண்டு கியர்பாக்ஸ் நிறுவனத்தார் அதற்கு 'ஆப்போசிங் ஃபோர்ஸ்' என்னும் விரிவுத் தொகுப்பை இயற்றினர். மொழிபெயர்ப்பாளனாகிய நான் அதனை அனுபந்தம் என்பேன்; மூல ஆட்டம் இல்லாதார்க்கு அன்று அது பயன்படவில்லை. அதே கூடம், அதே நாள். ஆனால் இப்போது நாமே அப்படைவீரருள் ஒருவன். முன்பு நாம் வீழ்த்தியோர் நம் தோழர்கள்!

வேற்று மாநிலத்தில் இருதரப்புப் பேச்சையும் கேட்டு வாழும் நமக்கு இந்நிலை புதிதன்று. படை திரும்ப அழைக்கப்படுகிறது. அவ்வீரன் விமானத்தை எட்டுமுன் கதவு மூடப்படுகிறது. அயலிடத்தில் அவன் தனியனாகிறான்.