குடுவை மண்ணும் கழனி மண்ணும்

மரத்துண்டு, உமி, சோளத்தட்டை முதலியவற்றைக் காற்று மிகக் குறைந்த கலத்திலிட்டுச் சூடேற்றினால், அவை சாம்பலாகாமல் கரியாகின்றன. மண்ணில் இடுவதற்கென்றே இவ்வாறு செய்யப்படும் கரிக்கு உயிர்க்கரி என்று பெயர். இது மண்ணை வளப்படுத்தும் என்றும், எளிதில் மட்காமையால் காற்றில் கரியமில வாயு பெருகாமல் தடுக்கத் துணைபுரியும் என்றும் அறிஞர் பலர் ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சிகளுள் பல ஆய்வுக்கூடத்தில் நிகழ்வன. மாணவச் செல்வங்களே, அங்கே கண்ட முடிவு கழனிக்கும் பொருந்துமா என்பதை இன்று சற்றே ஆராய்வோம்.

ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சலித்து, கல்லும் வேரும் நீக்கிக் குடுவையில் இடுகின்றனர். வெப்பமும் ஈரமும் மாறாதவாறு காக்கின்றனர். ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? பல நிலைகள் ஒருங்கே மாறினால், விளைவுக்குக் காரணம் எதுவென்று துணிய இயலாதன்றோ! இம்முறையில் 8½ ஆண்டுகள் நீடித்த ஒரு சோதனையின் முடிவு 2014-இல் வெளியாயிற்று. அத்தனை காலத்தில், இட்ட கரியில் ஏறத்தாழ 6 விழுக்காடே சிதைந்து கரியமில வாயுவாயிற்று. உயிர்க்கரி மிக மெதுவாகவே மட்கும் என்பது இதனால் விளங்குகிறது.

இனிக் கழனிக்கு வருவோம். தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் புல்வெளிப் பகுதியில், புளிப்புத் தன்மை மிக்க நிலமொன்றில் கரியை இட்டு, ஈராண்டுகள் அளந்து வந்தனர். சிதைந்து வாயுவானது 2.2 விழுக்காடு, மண்ணூடே இறங்கிய நீரோடு சென்றது ஏறக்குறைய 1 விழுக்காடு. ஆனால், பெருமழைக் காலத்தில் மேற்பரப்பில் ஓடிய நீரோடு 20 முதல் 53 விழுக்காடு வரை அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்று கணித்தனர்! குடுவைக்குள் மழையுமில்லை, சரிவுமில்லை; ஆதலின் இவ்விழப்பு அங்கே தோன்ற வழியில்லை. கரி மட்குமா என்ற வினாவுக்குக் குடுவை தந்த விடை சரியானதே. கரி வயலிலேயே தங்குமா என்பது வேறு வினா.

விளைச்சலைப் பற்றியும் ஒரு செய்தி. அந்நாட்டிலேயே 2003 முதல் 2006 வரை ஹெக்டேருக்கு 20 டன் கரியிட்ட நிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிட்டனர். முதலாண்டில் மக்காச்சோள விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அடுத்த மூன்றாண்டுகளில், கரியிடாத நிலத்தைவிட முறையே 28, 30, 140 விழுக்காடு கூடிற்று. பயிருக்குக் கிடைக்கும் கால்சியமும் மக்னீசியமும் பெருகியதே இதற்கு முதன்மைக் காரணம் என்றனர். ஓராண்டோடு சோதனையை முடித்திருந்தால், கரியால் பயனில்லை என்றன்றோ எழுதியிருப்பர்!

எனினும், ஒரு நிலத்தின் வெற்றியை எல்லா நிலத்துக்கும் உரியதாகக் கொள்ளலாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கட்டுரை, வெப்ப மண்டலத்தில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடியது என்றும், மிதவெப்ப மண்டலத்தில் சராசரியாக உயர்வில்லை என்றும் கூறுகிறது. மிதவெப்ப மண்டலத்து வயல்களில் புளிப்பு குறைவு, உரமும் மிகுதி. குறையில்லாத இடத்தில் கரி நிறைவு செய்ய வேண்டுவது யாது?

ஹெக்டேருக்கு 20 டன் என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 8 டன். அதனை வாங்கி இடும் உழவர் தம் பொருளையும் உழைப்பையும் ஒருங்கே பணயம் வைக்கின்றார். ஆதலின், ஆய்வு முடிவொன்றைப் படிக்கும்போது, எம்மண்ணில், எத்தனை ஆண்டு, மழைக்கும் வெயிலுக்கும் உட்பட்டா நிகழ்ந்தது என்று கேளுங்கள். பள்ளித் தோட்டத்தில் கரியிட்ட பாத்திகளையும் இடாத பாத்திகளையும் அருகருகே அமைத்து, மழையளவையும் விளைச்சலையும் சில ஆண்டுகள் குறித்து வாருங்கள். உங்களுக்குப் பின் வரும் வகுப்பினரும் அக்குறிப்பேட்டைத் தொடர்ந்து எழுதட்டும்.