ஓய்வுநாளும் ஓட்டக்களமும்



மெய்ப்பாடுகள் எட்டினுள் இறுதியாக உவகையை வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென்றார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன அவை. அந்த உவகை அல்லல் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்பதும் அவர் வகுத்த வரையறை. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டிற்கோ கல்வி, தறுகண், இசைமை, கொடை என வேறு நான்கு களங்களைச் சுட்டினார். இவ்விரு பகுப்புகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். விளையாட்டை உவகையின்பால் வைத்த ஆசிரியர், புகழைப் பெருமிதத்தின்பால் வைத்தார். ஆடுவது வேறு, ஆடிப் பெயர் பெறுவது வேறு. முன்னது மகிழ்ச்சி, பின்னது பெருமை. இரண்டும் மனிதனுக்கு உரியனவே. ஆயினும் ஒன்று மற்றொன்றன் இடத்தைக் கவர்ந்துகொள்ளும்போது அல்லல் தொடங்குகிறது.

இன்றைய விளையாட்டரங்குகளில் இவ்விரண்டும் பிரித்தறிய இயலாவாறு கலந்து கிடக்கின்றன. அவற்றோடு சமய நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. களத்தில் இறங்குமுன் சிலுவைக் குறியிட்டுக்கொள்ளும் ஆட்டக்காரரைத் தொலைக்காட்சியில் காணாதார் இலர். வென்றவர் வானை நோக்கிக் கை உயர்த்துகிறார். தோற்றவரும் அதே கடவுளைத்தான் வேண்டியிருப்பார். அங்ஙனமாயின், கிறித்தவ நம்பிக்கைக்கும் விளையாட்டின் மகிழ்ச்சிக்கும் உள்ள உறவு வெற்றியை வேண்டிப் பெறும் உறவுதானா? அதனினும் ஆழமானதொன்று உண்டா? இவ்வினாவிற்குக் கோட்பாட்டைக் காட்டிலும் வாழ்க்கையே தெளிவான விடை தரும்.

திருச்சபை விளையாட்டை நோக்கிய நோக்கு எக்காலத்தும் ஒரே தன்மையதாக இருந்ததில்லை. கொரிந்து நகரத்தாருக்கு மடல் எழுதிய பவுல் அடிகள், ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாண்டார். அந்நகரின் அருகிலேயே இஸ்துமிய விளையாட்டு விழா நடைபெற்று வந்தமையால், அவ்வுவமை கேட்போர் நெஞ்சில் எளிதில் பதிந்திருக்கும். வீரனின் பயிற்சியைப் பாராட்டிய அவர், அவன் பெறும் இலைமுடி வாடிவிடும் என்பதையும் நினைவூட்டினார். உழைப்பைப் போற்றுதல், பரிசை ஐயுறுதல் என்னும் இருதிறமும் அன்றே தோன்றிவிட்டன. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1618ஆம் ஆண்டில், ஞாயிறு வழிபாட்டிற்குப் பின் மக்கள் சில விளையாட்டுகளை ஆடலாம் என ஆணை பிறப்பித்தார். தூய்மைவாதிகள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1643இல் நாடாளுமன்றம் அவ்வாணை நூலைத் தீயிலிடச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடலாமா என்பது அத்துணை பெரிய வழக்காக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று வேறு திசையில் வீசியது. இறையியல் பயின்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 1891ஆம் ஆண்டு கூடைப்பந்து ஆட்டத்தை உருவாக்கினார். அதே இயக்கத்தின் வழி வந்த ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விளையாட்டுத் திடல்களில் ஊதல் ஒலிக்கும்போதெல்லாம் அக்கல்லூரியின் பணியை நினைத்தல் தகும். 1924ஆம் ஆண்டு பாரிசில் நடந்த ஒலிம்பிக் விழாவிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அந்தப் பக் அவர்களே. இவ்வுரையின் நாயகர் உலகிற்கு அறிமுகமானதும் அதே விழாவில்தான்.

அவர் பெயர் எரிக் லிடல். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மறைப்பணியாளர் குடும்பத்தில், சீனத்தின் தியன்சின் நகரில் 1902ஆம் ஆண்டு பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்றவர். ஸ்காட்லாந்து நாட்டிற்காக ரக்பி ஆடியவர். 1923ஆம் ஆண்டு ஸ்டோக் நகரில் நடந்த 440 கெசப் போட்டியில், தொடக்கத்திலேயே தடுக்கி விழுந்தும் எழுந்து ஓடி முதலாவதாக வந்தவர். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து, கைகளை வீசி அவர் ஓடும் முறை பயிற்சியாளர் எவருக்கும் ஒப்பானதன்று. அது கற்றுக்கொண்ட ஓட்டம் போலத் தோன்றாது. மழை கண்ட சிறுவன் தெருவில் இறங்கி ஓடுவது போலத் தோன்றும்.

பாரிசில் 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்றுகள் 1924 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என அறிவிக்கப்பட்டன. அதுவே அவருக்குச் சிறந்த ஓட்டம். ஞாயிறு ஆண்டவருக்குரிய ஓய்வுநாள் எனக் கொண்ட லிடல் அதில் ஓட மறுத்தார். ஞாயிற்றில் அமைந்த தொடரோட்டங்களிலும் தமக்கு இடம் வேண்டா என்றார். 1981இல் வெளிவந்து ஆஸ்கார் விருது பெற்ற 'சாரியட்ஸ் ஆப் ஃபயர்' திரைப்படம், கப்பலேறும் வேளையில் அவர் இச்செய்தியை அறிந்ததாகக் காட்டும். உண்மையில் பல திங்களுக்கு முன்பே அவருக்கு அது தெரியும். அதனால் அவர் முடிவின் பெருமை குறைவதில்லை, கூடவே செய்கிறது. நொடியில் எழும் வீரத்தினும், பல திங்கள் பழிமொழி கேட்டும் தளராத உறுதி அரிது. தொல்காப்பியர் தறுகண் என்றது பகைவர்முன் அஞ்சாமையை மட்டுமன்று. சொந்த நாட்டாரின் முகம் சுளித்தபோதும் அஞ்சாமை அதனுள் அடங்கும்.

அவர் விட்டுக்கொடுத்த 100 மீட்டர் ஓட்டத்தில் ஹாரல்டு ஆபிரகாம்ஸ் தங்கம் வென்றார். லிடல் 200 மீட்டரில் மூன்றாம் இடம் பெற்றார். ஜூலை 11ஆம் நாள் வெள்ளிக்கிழமை, தமக்கு அத்துணை பழக்கமில்லாத 400 மீட்டர் ஓட்டத்தில், முழுத் தொலைவையும் குறுந்தொலைவு போலவே ஓடி, 47.6 நொடிகளில் ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார். கடவுளுக்காக விட்டார், கடவுள் திரும்பக் கொடுத்தார் என்று இதனை முடித்துவிடுவோர் பலர். மேடைப் பேச்சுக்கு அது ஏற்றது. ஆனால் அவ்வாறு முடிப்பது நம்பிக்கையை ஒரு கொடுக்கல் வாங்கலாக்கிவிடும். 400 மீட்டரில் அவர் நான்காவதாக வந்திருந்தால் அவர் மறுப்புப் பொருளற்றதாகியிருக்குமோ? ஆகாது. அப்பதக்கம் அவர் மறுப்பிற்குக் கிடைத்த கூலியன்று.

சில நாட்களுக்குப்பின் எடின்பரோவில் நிகழ்ந்த பட்டமளிப்பு விழாவில் அவர் தலையில் இலைமுடி சூட்டப்பட்டது. மாணவர்கள் அவரைத் தோளில் சுமந்து சென்றனர். பவுல் அடிகள் வாடும் எனச் சொன்ன அதே முடி! அடுத்த ஆண்டே, புகழின் உச்சியில் இருந்த அவ்விளைஞர் சீனத்திற்குக் கப்பலேறித் தியன்சின் நகரக் கல்லூரியில் ஆசிரியரானார்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன் தரும். சி. டி. ஸ்டட் என்னும் கிரிக்கெட் வீரர், 1882இல் ஓவல் திடலில் இங்கிலாந்து ஆஸ்திரேலியாவிடம் 7 ஓட்டங்களில் தோற்ற புகழ்பெற்ற போட்டியில் ஆடியவர். அவர் 1885இல் கேம்பிரிட்ஜ் எழுவருள் ஒருவராகச் சீனம் சென்றார். பின்னர் 1900 முதல் 1906 வரை நம் உதகமண்டலத்தில் சபை ஊழியராக இருந்தார். ஆட்டத்தையும் தந்தை வழி வந்த செல்வத்தையும் உதறிச் சென்ற துறவு அவருடையது. லிடல் அவ்வழியினர் அல்லர். அவர் ஆட்டத்தைத் துறக்கவில்லை. ஆட்டத்தால் வரும் பெயரையே துறந்தார். சீனத்திலும் ஓடினார், மாணவர்களை ஓடச் செய்தார். ஓட்டம் இறைவன் தந்த இன்பமென்று கொண்டமையால் அதனைக் குற்றவுணர்வின்றி நுகர்ந்தார். தமக்கு உரியதன்று என்று கொண்டமையால் அதனை வருத்தமின்றி விடவும் செய்தார்.

லிடல் ஓடியது ஊதியமில்லா ஓட்டம். 'அமெச்சூர்' என்னும் சொல்லின் வேர்ப்பொருளே அன்பு கொண்டவன் என்பதுதான். ஆட்டமே தொழிலாகிவிட்ட காலத்தில் இவ்வுறவு என்னாகும்? இதற்கு ஆங்கில நாட்டு மும்முறைத் தாண்டல் வீரர் ஜொனாதன் எட்வர்ட்ஸ் வரலாறு சான்று. குருவானவரின் மகனான அவர், லிடல் வழியில் நின்று ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டியிட மறுத்தார். 1991ஆம் ஆண்டு உலகப் போட்டியை அதனால் இழந்தார். 1993இல் தம் முடிவை மாற்றிக்கொண்டார். தாண்டும் ஆற்றல் இறைவன் தந்ததாயின், அதனை எந்நாளிலும் வெளிப்படுத்தலாம் என்பது அவர் கண்ட தெளிவு. 1995 ஆகஸ்டு 7ஆம் நாள் கோத்தன்பர்க் நகரில் 18.29 மீட்டர் தாண்டினார். முப்பது ஆண்டுகள் கடந்தும் அச்சாதனை நின்றது. 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் தங்கமும் பெற்றார். 2003இல் களத்தைவிட்டு விலகினார். 2007இல், தமக்கு இறைநம்பிக்கை இல்லாது போயிற்று என வெளிப்படையாக அறிவித்தார். தம்மினும் பெரியதொன்றை நம்பியது, போட்டிக்கு வேண்டிய மனவலிமையாகத் தமக்குப் பயன்பட்டிருந்ததையும் அவர் எண்ணிப் பார்த்துச் சொன்னார்.

அவர்மீது தீர்ப்புக் கூறுதல் இவ்வவையின் பணியன்று. தம் உள்ளத்தை மறைக்காது உரைத்த நேர்மை மதிக்கத்தக்கது. எனினும் அவர் சொல், நம்பிக்கையுடைய ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவை எழுப்பிவிட்டது. ஆட்டம் நம்பிக்கைக்குத் தொண்டு செய்கிறதா, நம்பிக்கை ஆட்டத்திற்குத் தொண்டு செய்கிறதா? கடவுளைப் பயிற்சியாளருள் ஒருவராக்கிக்கொண்டவர்க்கு, ஆட்டம் முடிந்ததும் அவரிடம் கேட்க என்ன எஞ்சும்? மறுபுறம், நாளையும் விதியையும் இறுகப் பற்றிக்கொண்டு மனிதரை மறந்தவர்க்கு எஞ்சுவதுதான் என்ன? ஞாயிற்றில் ஓடாமையே நம்பிக்கை எனில், அதுவும் ஒரு சாதனைப் பட்டியலே ஆகிவிடும்.

லிடலின் கதை பாரிசிலேயே முடிந்திருந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைத்திராது. அது முடிந்த இடம் சீனத்தின் வெய்சியன் தடுப்பு முகாம். போர் நெருங்கியபோது, கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண்மக்களையும் 1941இல் அவர் கனடாவிற்கு அனுப்பி வைத்தார். அங்குப் பிறந்த மூன்றாம் மகளின் முகத்தை அவர் காணவே இல்லை. 1943இல் ஜப்பானியப் படையினர் அவரை, ஆயிரத்துக்கு மேற்பட்ட அயல்நாட்டாருடன் அம்முகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகள் பலரும் அங்கு இருந்தனர். அவர்களுக்கு அவர் 'எரிக் மாமா'. பாடநூல் இன்றி அறிவியல் கற்பித்தார், ஒடிந்த ஹாக்கி மட்டைகளைக் கட்டிச் செப்பனிட்டார், ஆட்டங்களை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டம் இல்லை.

ஒரு ஞாயிறன்று, பொழுது போகாத பிள்ளைகள் நடுவர் இல்லாமலே ஹாக்கி ஆடினர். அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு, ஊதலோடு நடுவராக வந்து நின்றவர் எரிக் லிடல். உலகமே கேட்டும், நாடே வற்புறுத்தியும், தங்கப் பதக்கம் முன்னின்றும் ஞாயிற்றில் காலடி வைக்காத மனிதர், அடைபட்ட பிள்ளைகளின் அமைதிக்காக அதே நாளில் களமிறங்கினார்.

இது கொள்கை தளர்ந்ததா, கொள்கை கனிந்ததா? பாரிசில் அவர் மறுத்தது தமக்கு வரவிருந்த புகழை. வெய்சியனில் அவர் தந்தது பிறர்க்கு வேண்டியிருந்த மகிழ்ச்சியை. ஓய்வுநாள் மனிதரின் நலத்திற்காக அமைந்தது என்னும் இயேசுவின் போதனையை அவர் இரு முறையும் ஒரே நெஞ்சோடு கடைப்பிடித்தார். முன்னது பெருமிதம்; தறுகண்ணும் கொடையும் அதன் களங்கள். பின்னது உவகை, விளையாட்டே அதன் களம். இரண்டிற்கும் வேர் ஒன்றே. தமக்கென இறுகப் பற்றாதவர் கையில்தான் விளையாட்டு அல்லல் நீங்கிய உவகையாக நிலைக்கிறது.

தம் ஓட்டக் காலணிகளை அம்முகாமில் ஒரு சிறுவனுக்குக் கொடுத்தார் லிடல். பகைவருக்காக வேண்டுதல் செய்யவும் அவனுக்குக் கற்றுத் தந்தார். அச்சிறுவன் வளர்ந்து, தன்னை அடைத்து வைத்தவர்களின் நாடாகிய ஜப்பானுக்கே மறைப்பணியாளராகச் சென்றான். 1945 பிப்ரவரி 21ஆம் நாள், மூளைக்கட்டியால் தம் 43ஆம் வயதில் லிடல் மறைந்தார். முகாம் விடுதலை பெற ஆறு திங்களே இருந்தன. கல்லறையில் நடப்பட்டது ஒரு சிறு மரச் சிலுவை; அதில் பெயர் எழுதக் கிடைத்தது காலணிக்குப் பூசும் மையே. ஓடியவருக்கு அது பொருந்தாததன்று.

கவிஞர்கள் கூடியுள்ள அவை இது. கவிதையும் ஊதியம் நோக்கா ஆடல்தானே. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடி, கைதட்டல் கிட்டிய நாளிலும் கிட்டாத நாளிலும் பாட்டிசைத்து வருவோர்க்கு லிடல் அயலார் அல்லர். பரிசுக்கு எழுதும் வேளை வரலாம். எழுத மறுக்கும் வேளையும் வரலாம். இரண்டினும் அரிய வேளை ஒன்று உண்டு. தம் பாட்டை மூடிவைத்துவிட்டு, இளையோர் ஆடும் களத்தில் ஊதலோடு சென்று நிற்கும் வேளை அது. அவ்வேளையை அறிந்தோர் வாழ்க! வட்டம் வளர்க!