மூக்குப்பொடியும் மெல்லும் புகையிலையும்



கல்வியைப் பற்றிப் பேசவேண்டிய மேடையில் புகையிலையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் வீட்டு முதியோர் பலருடைய சுருக்குப்பையில் இருப்பது அதுதானே! பீடி குடிப்பவரைக் கண்டிக்கிறோம். புகை எழாத காரணத்தால், வாயில் அடக்கும் புகையிலையையும் பல்லில் தேய்க்கும் பொடியையும் குற்றமற்றவை என விட்டுவிடுகிறோம்.

இவ்விலை நம் மண்ணுக்குரியதன்று. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களிடமிருந்து ஐரோப்பியர் கற்று, போர்ச்சுகீசியர் வழியாக ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவிற்கு வந்தது. 1560-ஆம் ஆண்டை ஒட்டி ழான் நிக்கோ என்னும் பிரெஞ்சுத் தூதர் அதை லிஸ்பனிலிருந்து தம் நாட்டு அரசவைக்கு மருந்தென அனுப்பினார். நிகோடின் என்னும் பெயர் அவர் பெயரால் வந்ததே. அரசவை நாகரிகமாகிவிட்ட அப்பொடி மூக்கில் புற்று உண்டாக்கும் என 1761-இலேயே இலண்டன் மருத்துவர் ஜான் ஹில் எச்சரித்தார்.

நம் மக்களிடம் இது வேரூன்றியதற்குக் காரணம் நாகரிகமன்று, பசி. நிகோடின் பசியை மந்தப்படுத்தும். சோர்வைச் சிறிது நேரம் மறைக்கும். காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்து, பொழுது சாயும்வரை பிறர் நிலத்தில் களையெடுத்த நம் பாட்டிமார்க்கு நடுப்பகல் உணவின் இடத்தில் இருந்தது ஒரு துண்டுப் புகையிலை. கூலியை உயர்த்த மனமில்லாத நிலக்காரரும் வெற்றிலை பாக்கோடு அதைத் தாராளமாகத் தந்தார் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தாராளத்தின் பொருள் நமக்கு விளங்க நெடுங்காலம் ஆயிற்று. ஆகவே அவர்களைப் பழிக்க நமக்கு நாவெழாது.

ஆயினும் நஞ்சு யாருக்கும் இரங்குவதில்லை. இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலையோடு புகையிலை மெல்வோரின் வாய்ப்புற்று நோயைப் பற்றி 1933-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையற்ற புகையிலையில் புற்று விளைக்கும் பொருள்கள் 28 உள்ளன என 2007-இல் வெளியிட்ட நூலில் கூறிற்று. கருவுற்ற தாய் மென்றால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். இறந்து பிறத்தலும் உண்டு. பாக்கும் தனியே புற்று விளைப்பதே.

குட்காவைத் தமிழக அரசு 2013-இல் தடை செய்தது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் சட்டைப்பையில் அப்பொட்டலங்களை இன்றும் காண்கிறோம். பாட்டிக்குக் கூழ் போதவில்லை. பேரனுக்கு ஓய்வு போதவில்லை. வேறுபாடு அவ்வளவே!

இந்நோய் பிற புற்றுகளைப் போல் உள்ளுறுப்பில் மறைந்து வளர்வதன்று, கண்ணாடியில் தெரியும். கன்னத்தின் உட்புறத்தில், சிறப்பாகப் புகையிலையை அடக்கும் பக்கத்தில், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு உண்டா? இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் உண்டா? காரம் பட்டால் எரிகிறதா? வாயைத் திறந்து மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க இயலுகிறதா? ஐயம் இருப்பின், வலி இல்லையே என்று காத்திராமல், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி பெரும்பாலும் பிந்தியே வரும். பழக்கத்தை விட விரும்புவோர் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இன்றிரவே வீட்டுப் பெரியவர்களை விளக்கருகே அமர்த்தி, அவர்கள் வாயைப் பார்க்கவேண்டும். பாட்டிமார் வெட்கப்படுவர், சிரித்துப் பேசியே பாருங்கள்.