பூட்டிய வீடு



ஒரு நோயை ஒழிப்பதற்கு மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும், பொருளும் வேண்டும். இம்மூன்றும் இருந்தும் நோய் ஒழியாமற் போவதுண்டு. நான்காவதாக வேண்டப்படுவது ஒன்று இருக்கிறது. இளம்பிள்ளைவாதம் என்னும் போலியோவை எதிர்த்து நடந்த பெரும் பணியில் அதனை நான் கற்றுக்கொண்டேன். கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் உங்களிடம் சொல்லத் தக்கது.

இந்நோயின் கிருமி மலத்தின் வழியே வெளியேறி, அசுத்தமான நீராலும் கைகளாலும் மற்றொரு குழந்தையின் வாயை அடைகிறது. கிருமி தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே கை கால்கள் நிரந்தரமாக முடங்குகின்றன. ஏனையோர் நலமாகத் தோன்றியபடியே கிருமியைப் பரப்புவர். முடங்கிய காலை மீட்க மருந்தும் இல்லை. ஆகவே, வருமுன் காப்பதொன்றே வழி. அதுவும் ஒரு குழந்தையையும் விடாமற் காக்க வேண்டும்.

இப்பெரும் பொறுப்பில் அரசாங்கங்களுக்குத் தோள் கொடுக்க முன்வந்தோர் ரோட்டரி சங்கத்தார். வணிகரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் உறுப்பினராக உள்ள சங்கம் அது. 1979ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸ் நாட்டின் 60 இலட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கும் பணியை அவர்கள் தொடங்கினர். 1985இல் உலகம் முழுவதற்குமாக 12 கோடி டாலர் திரட்ட முனைந்து, 1988க்குள் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் திரட்டினர். அந்த 1988ஆம் ஆண்டில் 125 நாடுகளுக்கு மேல் இந்நோய் பரவியிருந்தது; ஆண்டுதோறும் சுமார் 3,50,000 குழந்தைகள் முடமாயினர். அவ்வாண்டிலேதான் உலக நாடுகள் கூடி, போலியோவை அடியோடு ஒழிப்பதென்று தீர்மானித்தன.

நம் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து வழங்கும் முறை 1995 டிசம்பர் 9ஆம் நாள் தொடங்கியது. சில ஆண்டுகளில், மையத்துக்கு வாராத குழந்தைகளை வீடு தேடிச் செல்லும் முறையும் சேர்ந்தது. அப்போது நான் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியன். அவ்வூர்ச் சங்கத்து நண்பர்கள் அழைக்கவே, நானும் தொண்டனாகச் சேர்ந்தேன். பனிக்கட்டி வைத்த மருந்துப் பெட்டியைச் சுமப்பதும், மையத்தில் இருப்போர்க்கு உணவு கொண்டு செல்வதும், சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிடுவதுமே எங்கள் வேலை.

இரண்டாம் நாள் மாலை, தெருக்கோடியில் ஒரு வீடு பூட்டியிருந்தது. காலையிலிருந்து மூன்று முறை வந்தும் திறக்கவில்லை. எனக்குக் கால் வலி. உடன் வந்த சுகாதாரச் செவிலியரிடம், "நேற்றே மையத்தில் கொடுத்திருப்பார்கள், அம்மா. முடிந்ததென்றே குறித்துவிடலாம்" என்றேன்.

அவர் சினங்கொள்ளவில்லை. "ஐயா, பையன் எழுதாத விடைக்கு நீங்கள் மதிப்பெண் போடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

நாணத்தோடு, முடியாத வீடு என்றே குறியிட்டேன். மறுநாள் பொழுது புலருமுன் இருவரும் சென்றோம். கட்டட வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு தாய் கதவைத் திறந்தார். ஒரு நாள் கூலியை இழக்க இயலாமல் முகாமுக்கு வரவில்லை என்றார். உறங்கிக்கொண்டிருந்த இரு குழந்தைகளை எழுப்பினார். இருவருக்கும் மருந்து கொடுத்து, இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்தோம். நான் முந்திய மாலையில் பொய்க்குறி இட்டிருந்தால், அவ்விருவரும் கணக்கில் காக்கப்பட்டிருப்பர், உண்மையில் காக்கப்பட்டிரார்.

2009இல் நம் நாட்டில் 741 குழந்தைகளுக்கு இந்நோய் கண்டது. அதன்பின் ஈராண்டுக்குள், 2011 ஜனவரி 13ஆம் நாள், மேற்கு வங்கத்து ஹவுராவில் கண்ட நோயே இயற்கைக் கிருமியால் இங்கு விளைந்த கடைசி நோயாயிற்று. 2014 மார்ச் 27ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ அற்றதென அறிவித்தது. ஆயினும், பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் அழியவில்லை. எல்லை கடந்து அது மீண்டும் வரக்கூடும். ஆதலால் நாமும் ஓய்ந்துவிட இயலாது.

நண்பர்களே! நான்காவதாக வேண்டியது, மூன்று முறை தட்டிய கதவை நான்காம் முறையும் சென்று தட்டும் நேர்மையே. உங்கள் ஊரில் அடுத்த முகாம் நடக்கும் நாளில் நீங்களும் தொண்டராகச் செல்லுங்கள். பூட்டிய வீடு ஒன்றைக் கண்டால், மறுநாள் மீண்டும் செல்லுங்கள்.