வெட்கம் நோயைத் தீர்க்காது
(கூடங்குளத்தில் பெண் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியது)



நடவு வயலில் நாள் முழுதும் நின்று காலிடுக்கு வெந்துபோனால் "சேற்றுப்புண்" என்கிறோம். யாரும் வெட்கப்படுவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் காலைக் காட்டி மருந்து கேட்கிறோம். அப்படிப்பட்ட பூஞ்சையே பெண்ணின் பிறப்புறுப்பில் வளர்ந்து அரித்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். பெற்ற தாயிடமும் சொல்வதில்லை. அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கும் ஊர் இது. இங்கே ஒரு பூஞ்சையைப் பற்றிப் பேச நமக்கு ஏன் கூச்சம்?

இந்தப் பூஞ்சையின் பெயர் காண்டிடா. பதநீரைக் கள்ளாக்கும் ஈஸ்ட்டுக்கு இது உறவு. நம் உடம்பிலேயே கொஞ்சமாகக் குடியிருக்கும். கூடவே வாழும் நல்ல கிருமிகள் அதை அடக்கி வைக்கும். அந்தக் காவல் தளர்ந்தால் அது பெருகிவிடும். கடும் அரிப்பு, எரிச்சல், சிவந்த வீக்கம், தயிர்த் திரி போன்ற வெள்ளை: இவை அதன் அடையாளம். நான்கு பெண்களில் மூவருக்கு ஆயுளில் ஒரு முறையாவது இது வருகிறது.

"உடம்புச் சூடு", "எலும்பு உருகி வடிகிறது" என்பார்கள். இரண்டும் தவறு. எலும்பு உருகி வடிவதில்லை. நாற்றமும் அரிப்பும் இல்லாமல் ஓரளவு வெள்ளை படுவது இயற்கை.

ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இது நடத்தை கெட்டதற்கு அடையாளம் அல்ல. கல்யாணமாகாத பெண்ணுக்கும் வரும். சந்தேகப்பட்டுச் சண்டை போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போங்கள்.

காவல் ஏன் தளர்கிறது? கர்ப்பகாலம், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், ஆன்டிபயாடிக் மாத்திரைகள் ஆகியவை முக்கிய காரணங்கள். ஈரமும் வேர்வையும் அதற்குத் துணை. நூல் அறுந்துவிடாதிருக்க மில்லில் காற்றையே ஈரமாக வைக்கிறார்கள். வயலில் நனைந்த சேலையோடு பொழுது சாய்கிறது. ஆகவே பருத்தி உள்ளாடை போடுங்கள். ஈரத்துணியைச் சீக்கிரம் மாற்றுங்கள். மாதவிலக்குத் துணியை இருட்டு மூலையில் ஒளிக்காமல் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். சோப்பு, டெட்டால், எலுமிச்சை எதையும் உள்ளே விடாதீர்கள். அவை நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும்.

மருந்து உண்டா? உண்டு. 1950-ம் ஆண்டு அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் ஒரு பண்ணை மண்ணிலிருந்து பூஞ்சையைக் கொல்லும் நிஸ்டாடின் மருந்தைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அதில் வந்த உரிமைத்தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். ஒரு காசைக்கூட அவர்கள் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை, ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள்.

இன்று குளோட்ரிமசோல் மாத்திரையை உள்ளே வைக்கலாம். அல்லது ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை விழுங்கலாம். பெரும்பாலோருக்கு இதிலேயே குணமாகிவிடும். கர்ப்பிணிகள் மட்டும் விழுங்கும் மாத்திரையைத் தாமாக எடுக்கக்கூடாது. கடைக்காரர் தரும் ஏதோ ஒரு களிம்பைப் பூசாதீர்கள்; ஸ்டீராய்டு கலந்திருந்தால் பூஞ்சை இன்னும் வளரும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.

சோதித்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில் எல்லா வெள்ளையும் பூஞ்சை அல்ல. மீன் நாற்றம் அடித்தாலோ, மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தாலோ அது வேறு கிருமி, மருந்தும் வேறு. சிலவற்றுக்குக் கணவனும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். காய்ச்சல், அடிவயிற்று வலி, இரத்தம் கலந்த கசிவு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். வருஷத்தில் மூன்று நான்கு முறை திரும்பி வந்தால் சர்க்கரை பாருங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கு வீட்டுக்கே வந்து சோதிக்கிறார்கள்.

ஆனால் தோழர்களே, கழுவத் தண்ணீர் இல்லாத இடத்தில் சுத்தம் பேசி என்ன பயன்? ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலி போகிறதே! பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும், கழுவ வசதி வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. எழுதியது தானாக வராது. தண்ணீர், கழிப்பறை, சிகிச்சைக்குச் சம்பளத்தோடு லீவு: இவற்றைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். அதைச் சேர்க்கவும் முதலில் நாம் வாய் திறக்க வேண்டும். இன்று இரவே வீட்டில் மகளிடம் தொடங்குங்கள்!