கரிசல் வெடிப்பும் செவ்வாய்க் கிரகமும்

பங்குனி, சித்திரை மாதங்களில் கோவில்பட்டிச் சீமையில் காட்டு வழியே செல்கிறவர்கள் தரையைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர் என எத்திசையில் சென்றாலும் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கன்றுக்குட்டியின் கால் இறங்கிவிடும் அகலம் சில வெடிப்புகளுக்கு உண்டு; கம்பை விட்டால் பிடி வரையில் உள்ளே போகும் ஆழம் சிலவற்றுக்கு உண்டு. அதே நிலம், ஐப்பசியில் மழை இறங்கியதும் பொங்கி எழுந்து, வெடிப்புகளை யெல்லாம் தானே மூடிக்கொண்டு, வைத்த காலை விட மறுக்கும் சேறாகிவிடுகிறது.

விண்வெளியின் விந்தைகளைப் பற்றிப் பேசப் புகுந்தவன் மண்ணைப் பற்றிப் பேசுகிறானே என்று மாணவர்கள் ஐயுறலாம். காரணம் உண்டு. சூரியனையும் நட்சத்திரங்களையும் பற்றி நாம் அறிந்தவை யாவும் பெரும்பாலும் அவை அனுப்பும் ஒளியைக் கொண்டு அறிந்தவை. சந்திரனிலும் செவ்வாயிலுமோ மனிதனின் கருவிகள் இறங்கி, மண்ணைத் தோண்டியே பார்த்துவிட்டன. அங்கே கண்டவற்றைப் புரிந்துகொள்ளக் கரிசல் நாட்டு மாணவனுக்கு, ஆற்றங்கரை மாணவனுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அவன் காலடியிலேயே பாடப் புத்தகம் விரிந்து கிடக்கிறது.

முதலில் கரிசல் மண்ணைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கறுப்பாக இருப்பதால் இதில் மக்கிய சத்து மிகுதி என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அது குறைவே. உள்ள சிறிதளவு மக்கும் களிமண்ணோடு இறுகக் கலந்து கருநிறம் தருகிறது. தக்காணத்துக் கரிசல் எரிமலைக் குழம்புப் பாறையிலிருந்து பிறந்தது. கோவில்பட்டிக் கரிசலுக்கு அந்தப் பிறப்பு இல்லை. இங்குள்ள பழைய நைஸ் பாறைகள், மழை குறைந்த தட்பவெப்ப நிலையில் நெடுங்காலம் சிதைந்து இந்த மண்ணாயின. இதன் குணமெல்லாம் இதிலுள்ள களிமண்ணின் குணந்தான். இந்தக் களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியது. ஒவ்வொரு துகளும் ஏட்டுச் சுவடியைப் போல மெல்லிய தகடுகள் அடுக்கியது. ஈரம் பட்டால் நீர் ஏடுகளுக்கிடையே புகுந்து சுவடியைப் பருக்கச் செய்கிறது. வெயிலில் நீர் வெளியேறச் சுவடி சுருங்குகிறது. கோடிக்கணக்கான சுவடிகள் ஒருசேரச் சுருங்கும்போது நிலம் வெடிக்காமல் என்ன செய்யும்? ஸ்மெக்டைட் என்பது இக்களிமண் குடும்பத்தின் பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனிச் சந்திரனுக்குப் போவோம். வெள்ளித் தட்டு என்றும் பால் நிலா என்றும் நாம் புகழ்கிற சந்திரனின் தரை உண்மையில் கறுப்பு. தன்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவே அது திருப்பி அனுப்புகிறது. காய்ந்த கரிசல் காடு அனுப்புவதும் ஏறத்தாழ அவ்வளவே. சுற்றிலும் இருள் சூழ்ந்த வானில், நேர் வெயிலில் நிற்பதால்தான் சந்திரன் நம் கண்ணுக்கு வெள்ளையாகிறது. கோவில்பட்டிக் கரிசலை உருண்டையாகத் திரட்டி அந்தத் தொலைவில் வைத்தாலும் கவிஞர்கள் அதையும் பால் நிலா என்றே பாடுவார்கள்!

நிறம் ஒத்திருந்தாலும் குணம் முற்றிலும் வேறு. சந்திரனில் காற்றும் மழையும் இல்லை. ஆகவே களிமண் பிறக்க வழியில்லை. விண்கற்கள் பன்னெடுங்காலமாக மோதி மோதிப் பாறையை இடித்த தூளே அங்குள்ள மண். உருட்டித் தேய்க்க ஆறும் காற்றும் இல்லாமையால், அத்தூள் உடைந்த கண்ணாடி போலக் கூர்மையானது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 கலத்தில் சென்றவர்களின் உடையில் ஒட்டி வந்த தூள் கலத்துக்குள் பரவியபோது, ஹாரிசன் ஷ்மிட் என்ற விஞ்ஞானிக்குத் தும்மலும் மூக்கடைப்பும் கண்டன. சந்திரத் தூளின் மணம், வெடித்து முடிந்த வெடிமருந்தின் மணத்தை ஒத்திருந்தது என்று அங்கே சென்று வந்தவர்கள் கூறினர். தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் பிழைக்கும் கோவில்பட்டி, சிவகாசி மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் இந்தியாவின் சந்திரயான் 3, சந்திரனின் தென் துருவப் பகுதியை அடுத்து இறங்கியது. அதிலிருந்த ஒரு கருவி, உஷ்ணமானி பொருத்திய ஊசியைத் தரைக்குள் செலுத்திப் பார்த்தது. மேல்பரப்பில் உஷ்ணம் 50 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேல். எட்டு சென்டிமீட்டர் ஆழத்திலோ, நீர் உறையும் நிலைக்கும் பத்து டிகிரி கீழே! எட்டு சென்டிமீட்டர் என்பது நம் கணக்கில் நான்கு விரற்கடை. நான்கு விரற்கடைக்குள் அறுபது டிகிரி வேறுபாடு. நம் நாட்டில் எந்த மண்ணையும் தோண்டி இதைக் காண முடியாது. மண் துகள்களுக்கிடையே உள்ள காற்றும் ஈரமும் மேலுள்ள வெப்பத்தைக் கீழே கடத்திவிடும். சந்திரத் தூளில் அவை இரண்டும் இல்லை.

இறங்கு கலத்தைச் சோதிக்க நம் விஞ்ஞானிகளுக்குச் சந்திர மண் போன்ற மண் ஏராளமாகத் தேவைப்பட்டது. அதற்கேற்ற அனார்த்தசைட் என்ற பாறை கிடைத்த இடம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. அப்பாறையை இடித்துத் தூளாக்கிப் பரப்பித்தான் சோதனை செய்தார்கள். சந்திரனின் மேட்டு நிலத்துப் பாறையும் நாமக்கல் சீமைப் பாறையும் ஒரே இனம் என்பது வியப்பு அல்லவா?

ஆனால் கரிசல் நிலத்தின் உண்மையான உறவினர் சந்திரனில் இல்லை, செவ்வாயில் இருக்கிறார். செவ்வாயின் ஒரு பகல் இரவு நமக்கு 24 மணி 39 நிமிஷம். அதன் ஆண்டு நம் நாட்களில் 687. அதன் செந்நிறம் இரும்புத் துருவின் நிறம். சூரியன் மறையும்போது நம் வானம் சிவக்கிறது. செவ்வாயிலோ சூரியனைச் சுற்றி நீலம் பரவுகிறது. அமெரிக்காவின் கியூரியாசிட்டி என்னும் ஊர்தி 2015இல் அதைப் படம் பிடித்து அனுப்பியது. இவையெல்லாம் வேடிக்கைச் செய்திகள். அந்த ஊர்தி தரையில் கண்டதே பெரிய செய்தி.

கியூரியாசிட்டி 2012 ஆகஸ்டில் கேல் என்ற பெரும் பள்ளத்தில் இறங்கியது. அப்பள்ளத்தின் குறுக்களவு 154 கிலோமீட்டர். கோவில்பட்டியிலிருந்து மதுரை சென்று, அங்கிருந்து மேலும் வடக்கே திண்டுக்கல் வரை போகும் தொலைவுக்குக் குறையாது. 2013இல் அது ஒரு பாறையைத் துளைத்துத் தூளை ஆராய்ந்தது. அத்தூளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு களிமண். என்ன களிமண்? ஸ்மெக்டைட்! கரிசலை வெடிக்கச் செய்யும் அதே குடும்பம். நீர் நெடுநாள் தங்கிய இடத்திலன்றி அது பிறப்பதில்லை. இன்று சொட்டு நீரும் தரையில் நிற்க முடியாத செவ்வாயில், ஒரு காலத்தில் ஏரி இருந்தது என்பதற்கு அக்களிமண் சாட்சி சொல்லிற்று.

பின்னர், அப்பள்ளத்தின் நடுவே நிற்கும் மலைச்சரிவில் ஏறிச் செல்கையில், 2021இல் அவ்வூர்தி ஒரு பாறைத் தரையைக் கண்டது. சில சென்டிமீட்டர் அகலமுள்ள அறுகோணக் கட்டங்கள் தேன்கூடு போல அதில் பரவியிருந்தன. சேறு காய்ந்து வெடித்துப் பின் கல்லாகிப் போன தடம் அது. அந்த வெடிப்பின் வடிவத்தில்தான் முழு இரகசியமும் இருந்தது.

வரும் கோடையில் உங்கள் ஊர்க் கண்மாய் வற்றும்போது, புதிதாக வண்டல் படிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். முதன்முறை காயும் சேற்றில் ஒரு வெடிப்பு முன்பே ஓடிய இன்னொரு வெடிப்பை நேர்க்கோணத்தில் சென்று முட்டி நிற்கும். மூலைகள் சதுர மூலைகளைப் போலிருக்கும். அதே சேறு மீண்டும் நனைந்து மீண்டும் காய்ந்தால், வெடிப்புகள் பழைய இடத்திலேயே திறக்கும்; ஆயினும் சந்திக்கும் மூலை சிறிது சிறிதாகச் சாய்ந்து மாறும். பத்துப் பன்னிரண்டு முறையேனும் நனைந்து உலர்ந்த பிறகு, மூன்று வெடிப்புகள் சம கோணத்தில், கவட்டையைப் போலக் கூடும். அப்போதுதான் அறுகோணம் பிறக்கும். சோதனைச் சாலையில் சேற்றை நனைத்தும் உலர்த்தியும் இதை மெய்ப்பித்திருக்கிறார்கள். செவ்வாயின் பாறையில் கண்டது கவட்டை மூலை. ஆக, ஏறத்தாழ 360 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் ஒரு முறை வெள்ளம் வந்து வற்றிய இடமன்று. நனைவதும் காய்வதுமாக, பருவம் மாறி மாறி வந்த இடம். நம் மானாவாரிக் காட்டைப் போல! இம்முடிவு 2023 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது.

இதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? உயிர்ப்பொருள் நீண்ட சங்கிலிகளால் ஆனது. அச்சங்கிலியின் கண்ணிகள் நீரில் மிதந்துகொண்டே இருந்தால் எளிதில் இணைவதில்லை. நீர் வற்றும்போது அவை நெருங்குகின்றன, கோத்துக்கொள்கின்றன; மீண்டும் நீர் வரும்போது புதிய கண்ணிகள் வந்து சேர்கின்றன. ஓயாத மழையும் உதவாது, ஓயாத வறட்சியும் உதவாது, இரண்டும் மாறி மாறி வர வேண்டும் என்பது இத்துறை அறிஞர் பலருடைய கருத்து. வானம் பார்த்த பூமி என்று நாம் இரக்கத்தோடு சொல்லும் நிலத்தின் தன்மையே உயிரின் தொட்டிலுக்கு வேண்டிய தன்மையாக இருக்கலாம். செவ்வாயில் உயிர் தோன்றியதற்குச் சான்று இதுவரை இல்லை. வெறும் தொட்டிலைத்தான் கண்டிருக்கிறார்கள்.

நம் பூமியில் அக்காலத்துச் சேற்றைத் தேடக் கூடாதா என்றால், தேடலாம், கிடைப்பது அரிது. பூமியின் மேலோடு ஓயாமல் நகர்ந்து, பழைய பாறைகளை உள்ளே இழுத்து உருக்கிவிடுகிறது. கரிசல் மண்ணோ இன்னும் ஒரு படி மேலே போய், மேல்மண்ணைத் தன் வெடிப்புகளுக்குள் உதிர்த்துத் தன்னைத்தானே உழுதுகொள்கிறது. போன ஆண்டின் வெடிப்பையே காட்ட மறுக்கிறது. செவ்வாயின் மேலோடு நகர்வதில்லை. அங்கே உப்புப் படிந்து இறுகிய வெடிப்பு அப்படியே கல்லாக நிற்கிறது.

அப்படியானால் செவ்வாயில் பருத்தி விதைக்கலாமா என்று குறும்பாகக் கேட்கத் தோன்றும். 1901ஆம் ஆண்டு தொடங்கி மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரும் இதற்கு இணங்க மாட்டார்கள். அங்கே காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மண்ணிலே பெர்குளோரேட் என்னும் நச்சு உப்பு கலந்திருக்கிறது. சந்திர மண்ணின் கதை வேறு. அப்போலோ பயணங்களில் கொண்டு வந்து பத்திரப்படுத்திய மண்ணில் ஒரு சிறிது எடுத்து, கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றின் விதையை அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார் இட்டுப் பார்த்தனர். 2022இல் முடிவை அறிவித்தனர். விதைகள் முளைத்தன. ஆனால் செடிகள் குன்றி, இலை சிறுத்து, பகை நிலத்தில் விழுந்த பயிர்போல வாடின.

நம் நாட்டார் முதலில் மண்ணை விட்டுவிட்டு, எடையற்ற நிலையில் விதை முளைக்கிறதா என்று பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள். 2024 டிசம்பர் 30ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ராக்கெட்டின் மேற்பகுதியில், ஒரு சிறு பெட்டிக்குள் எட்டு விதைகளை வைத்து அனுப்பினர். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த அப்பெட்டியில் அவை நான்கே நாட்களில் முளைவிட்டன. அடுத்து இலையும் விட்டன. அவர்கள் தேர்ந்தெடுத்த விதை, கரிசல் காட்டில் ஊடுபயிராகப் போடுகிறோமே, அந்தத் தட்டைப்பயறு.